பள்ளிக்கூடத்தில் பாட்டும் பேச்சும்

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பாட்டுதான் முதற் பாடம். உரைநடை வாசகம் வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிள்ளைகள் செய்யுளை ஓதிக்கொண்டிருந்தார்கள். மேடைப் பேச்சு மிகப் பிந்தி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தேவாலயத்துப் பிரசங்க மேடையைப் பார்த்து உருவாகி, சுதேசிக் காலத்தில் கடற்கரைக்கும் தெருமுனைக்கும் வந்து, பிறகு பள்ளி இலக்கிய மன்றத்தில் இடம்பிடித்தது. இரண்டும் வாயால் சொல்லிக் காதால் கேட்கும் கலைகள். உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் கற்பிக்க இவ்விரண்டும் பயன்பட்ட விதத்தைப் பார்த்தால், வாயின் வேலை மெல்ல மெல்ல விடைத்தாளுக்குக் கைமாறிய கதை அதில் இருக்கிறது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, வெற்றிவேற்கை, மூதுரை, நல்வழி என்று வரிசையாக நீதிநூல்கள் வரும். அவற்றுக்குப் பின் சதகங்களும் அந்தாதிகளும் நிகண்டும். கணக்குக்கு எண்சுவடி, குழிமாற்று. பொருள் சொல்வது பெரும்பாலும் பிறகுதான். முதலில் பாடம் வாயில் ஏற வேண்டும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை ஒரு வரியைச் சொல்ல மற்றப் பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். இதற்கு முறை சொல்லுதல் என்று பெயர். சுவடி எல்லாரிடமும் இருக்காது. இருந்தாலும் அதில் சொற்களுக்கு இடைவெளி கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் கிடையாது. ஓசை தெரிந்தவனுக்கே ஏடு வாசிக்க வரும். ஆகவே மனப்பாடம் என்பது அந்தக் காலத்தில் வெறும் நினைவுப் பயிற்சி ஆகாது. ஏட்டைப் படிப்பதற்கான திறவுகோலும் அதுவே.

இந்தப் பள்ளிகள் எத்தனை இருந்தன என்பதற்கு ஓர் அரசாங்கக் கணக்கு உண்டு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். அவற்றைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகச் சொல்கிறார். மாகாணம் என்பது தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளும் சேர்ந்தது. அதற்கும் முன்பே, சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு தம் விடுதியில் அதைப் புகுத்தினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அதோடு சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறின. ஆத்திசூடி இங்கேயே நின்றுவிட்டது.

திண்ணைக்கு அடுத்த படி, புலவரிடம் பாடங்கேட்பது. இதன் உச்சத்தைத் திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) காணலாம். அவரிடம் படித்த உ.வே. சாமிநாதையர் (1855–1942) தம் 'என் சரித்திரம்' நூலில் அந்த முறையை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். மாணவர் ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். ஆசிரியர் வேண்டிய இடத்தில் நிறுத்திப் பொருள் சொல்வார். பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை, அந்தாதி, தலபுராணம் என்று பாடம் நீளும். படிப்போடு பாடுவதும் சேர்ந்தே நடக்கும். ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வது பயிற்சிகளில் ஒன்று. புதிய நூல் எழுதினால் சபை கூட்டி அரங்கேற்ற வேண்டும். அங்கும் வாசிப்பவர் ஒருவர், பொருள் சொல்பவர் ஒருவர். ஒரு செய்யுளைக் கற்றவன் அதைப் பாடவும் பிரிக்கவும் விளக்கவும் அதே யாப்பில் இன்னொன்று செய்யவும் வல்லவனாக இருந்தான். இந்த நான்கும் பிற்காலத்துப் பள்ளியில் ஒரே மாணவனிடம் சேர்ந்திருந்ததில்லை.

அந்த முறையைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். அங்கே நுழைந்தவர்கள் பெரும்பாலும் சில சாதியினரே. பெண்கள் மிகக் குறைவு. பாடத்திட்டமும் குறுகியது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியராகச் சேர்ந்த சாமிநாதையர், அவ்வாண்டே முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்றுதான் கேட்டார். தமிழின் பெருங்காப்பியங்களும் சங்க நூல்களும் அன்றைய பாடங்கேட்கும் மரபில் ஏறத்தாழ இல்லை என்பதை அந்தக் கேள்வி காட்டிவிட்டது. சிந்தாமணி 1887இல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல். யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார். இன்று பத்தாம் வகுப்பு மாணவன் வாசிக்கும் முல்லைப்பாட்டும் சிலம்பும் பள்ளிக்கு வந்த வழி இந்த அச்சுப் பதிப்புகள்தான்.

இதற்கிடையே பள்ளியின் அமைப்பே மாறிவிட்டிருந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் தாமோதரம் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் சேர மெட்ரிகுலேஷன் தேர்வு எழுத வேண்டும். தேர்வு என்று வந்ததும் தமிழ்ப் பாடத்துக்கு எல்லை கட்ட வேண்டியதாயிற்று: இன்ன நூலில் இன்ன பகுதி, இத்தனை செய்யுள். முழு நூலைப் பாடங்கேட்ட காலம் போய்த் திரட்டு நூல் வந்தது. பகுதிக்கு மட்டும் உரை எழுதிச் சிறு புத்தகமாக விற்கும் வணிகமும் அத்தோடு பிறந்தது. அருஞ்சொற்பொருள், பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்ற மூன்று கட்டங்களுக்குள் செய்யுளை அடைக்கும் பழக்கம் இந்தத் தேர்வுகளால்தான் ஊன்றியது. பழைய உரையாசிரியர்களும் இவற்றைச் செய்தவர்களே. ஆனால் அவர்கள் கேட்பவனின் ஐயத்துக்கு உரை எழுதினார்கள். புதிய உரைகளோ வினாத்தாளைப் பார்த்து எழுதப்பட்டன.

தமிழாசிரியரின் நிலையும் இறங்கியது. ஆங்கிலமும் கணக்கும் கற்பிப்பவர் பட்டம் பெற்ற ஆசிரியர். தமிழ் கற்பிப்பவர் 'பண்டிதர்'. ஒரே பள்ளியில் அவருக்குச் சம்பளம் குறைவு, மதிப்பும் குறைவு. பாரதியார் 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழ்ப் பண்டிதராக வேலை பார்த்தார். அரசஞ் சண்முகனார் விடுப்பில் சென்றிருந்த இடத்துக்கு வந்த தற்காலிகப் பணி அது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழ் முதலிய தாய்மொழிகளை நீக்கிவிட்டு வடமொழியை வைக்கும் யோசனை எழுந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் என்ற பரிதிமாற் கலைஞரும் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து நின்றார்கள், யோசனை கைவிடப்பட்டது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று தேர்வுகள் நடத்தி, உயர்நிலைப் பள்ளிகளுக்கு வேண்டிய தமிழாசிரியர்களை உருவாக்கியது. அதே கிறித்துவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை பணியாற்றிய மறைமலையடிகள், தம் மாணவர்களுக்கு முல்லைப்பாட்டையும் பட்டினப்பாலையையும் கற்பிக்கும்போதே அவற்றுக்கு ஆராய்ச்சியுரை எழுதினார். ஒரு பாட்டை முழுக் கவிதையாக, அதன் அமைப்போடும் காட்சியோடும் சேர்த்து விளக்கும் போக்குக்கு அவ்வுரைகள் வழிகாட்டின. தேர்வுக்காகப் பிறந்தும் தேர்வைத் தாண்டிய உரைகள் அவை. அத்தகையவை அதிகம் இல்லை.

பேச்சின் வரலாறு வேறு வழியில் ஓடியது. தமிழில் கதாகாலட்சேபம் உண்டு, புராணப் படனம் உண்டு, சபையில் வாதம் உண்டு. பொதுமக்கள் கூட்டத்தை நோக்கி நின்றுகொண்டு, ஒரு பொருளை எடுத்துத் தொடக்கம் முடிவோடு உரைநடையில் பேசும் வழக்கம் புராட்டஸ்டண்டு பாதிரிமார்களோடு வந்தது. அதைக் கற்றுத் தமிழ்ச் சைவத்துக்குத் திருப்பியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). மெதடிஸ்டு மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டு அங்கேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 'நாவலர்' என்ற பட்டம் 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் தந்தது. அவரது பேச்சுக்குக் கிடைத்தது அது. பள்ளிக்காக அவர் எழுதிய பாலபாடங்கள் எளிய உரைநடையில் படிப்படியாக உயர்ந்தன. பாட்டே முதன்மையாக இருந்த சைவத் தொடக்கக் கல்வியில் உரைநடையும் பிரசங்கமும் ஒரே மனிதரின் கை வழியாக நுழைந்தன.

அரசியல் மேடை தமிழுக்கு வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. தொடக்க காலக் காங்கிரஸ் கூட்டங்களில் படித்தவர்கள் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். 1905க்குப் பிந்தைய சுதேசி இயக்கம் அதை உடைத்தது. தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவாவும் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் தமிழில் பேசிக் கூட்டம் கூட்டினார்கள். 1908இல் அவர்கள் சிறைக்குப் போனது முக்கியமாக அந்தப் பேச்சுகளுக்காகவே. தமிழ்ப் பேச்சுக்கு என்ன வலிமை என்பதை முதலில் சரியாக அளந்தது அரசாங்கம் என்று சொல்லலாம்.

பேச்சை இலக்கியத்தின் பக்கம் கொண்டுவந்தவர்களில் திரு.வி. கலியாணசுந்தரனார் (1883–1953) முதன்மையானவர். சென்னை வெஸ்லி கல்லூரிப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, 1917இல் 'தேசபக்தன்' இதழின் ஆசிரியராகி, 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்கத்திலிருந்தே தொழிலாளர்களிடையே பேசியவர். சங்க இலக்கியச் சொல்லும் பெரியபுராணத் தொடரும் அவர் பேச்சில் ஆலைத் தொழிலாளிக்கும் புரியும்படி வந்தன. மற்றொருவர் ரா.பி. சேதுப்பிள்ளை (1896–1961). வழக்கறிஞராகத் தொடங்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானவர். எதுகை மோனை தட்டாத அவர் உரைநடையை வாய்விட்டுப் படித்தால் அது மேடைக்கென்றே செய்யப்பட்டது என்பது விளங்கும். அவரது 'தமிழின்பம்' 1955இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தமிழுக்குக் கிடைத்த முதல் அகாதெமி பரிசு அது. அவரது கட்டுரைகள் பல பத்தாண்டுகள் பள்ளி உரைநடைப் பாடங்களாக இருந்தன. வகுப்பறையில் மேடைப் பேச்சு நுழைந்தபோது 'கட்டுரை' என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு நுழைந்தது. பேச்சு என்ற வகையாக அதைப் பிரித்துக் கற்பிக்கும் எண்ணம் யாருக்கும் எழவில்லை.

திருநெல்வேலியிலும் குற்றாலத்திலும் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) வேறொரு வழி காட்டினார். பாட்டை மெதுவாக, திரும்பத் திரும்ப, பாவத்தோடு சொல்லிக் காட்டினாலே பாதிப் பொருள் விளங்கிவிடும் என்பது அவர் கட்சி. இலக்கணக் குறிப்பை அவர் பொருட்படுத்தவில்லை. பாட்டில் தமக்கு ஒவ்வாத அடியைத் திருத்திவிடும் அவரது துணிச்சலை அறிஞர்கள் கண்டித்தார்கள், கண்டனம் நியாயமானதே. ஆனாலும் பாட்டு காதுக்கு உரியது என்று இருபதாம் நூற்றாண்டில் விடாமல் சொன்னவர் அவர். நல்ல தமிழாசிரியர்கள் பலர் அவர் வழியில்தான் கம்பனை வகுப்பில் படித்தார்கள். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் அந்த ரசனையை ஆண்டு விழாவாக்கியது. பட்டிமன்றமும் கவியரங்கமும் அங்கிருந்து ஊர் ஊராகப் பரவின. குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக அமர்ந்த பட்டிமன்றங்களைக் கேட்க வந்தவர்களில் பள்ளி மாணவர்கள் ஏராளம். கைகேயி குற்றவாளியா, வாலி வதம் சரியா என்று எட்டாம் வகுப்புப் பையன் வாதாடக் கற்றது பாடப் புத்தகத்தில் அன்று. மேடைக்கு முன்னே தரையில் உட்கார்ந்து கற்றான்.

இந்தப் பட்டிமன்றத்துக்கே ஓர் அரசியல் முன்னோடி உண்டு. 1943இல் கம்பராமாயணத்தைப் பற்றிச் சி.என். அண்ணாதுரை சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் வாதிட்டார். அவ்வுரைகள் 'தீ பரவட்டும்' என்ற நூலாயின. அதற்கு ஐந்தாண்டு முன், 1938இல், இராஜாஜி அமைச்சரவை உயர்நிலைப் பள்ளியின் முதல் மூன்று படிவங்களில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்பு இரண்டு ஆண்டு நீடித்து, 1940 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. பள்ளிப் பாடத்தைப் பற்றிய ஒரு சண்டை தமிழ் மேடைப் பேச்சுக்கு மிகப் பெரிய பயிற்சிக் களமாயிற்று. தமிழாசிரியர்களும் மாணவர்களும் அதில் தோளோடு தோள் நின்றார்கள். திருவாரூர்ப் பள்ளி மாணவர் மு. கருணாநிதி கையெழுத்து இதழ் நடத்தி, மாணவர் மன்றம் அமைத்தது அக்காலத்தில்தான். அடுக்குமொழி, முரண்தொடை, வினாவுக்கு மேல் வினா, கூட்டம் கை தட்டும் இடம் தெரிந்து நிறுத்தும் நிறுத்தம் ஆகியவை புதிய மேடைத் தமிழின் அடையாளங்கள். அவற்றில் பெரும்பாலானவை செய்யுளிலிருந்து வந்தவை. மோனையும் இயைபும் யாப்பை விட்டு இறங்கி உரைநடையில் குடியேறின.

விளைவு, 1950களிலிருந்து ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் இலக்கிய மன்றம். ஆண்டுத் தொடக்கத்தில் தொடக்க விழா, முடிவில் நிறைவு விழா; இரண்டுக்கும் வெளியூர்ப் பேச்சாளர். இடையில் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பிரிவேளையில் மாணவர் கூட்டம். வரவேற்புரை ஒருவன், தலைமையுரை ஒருவன், நன்றியுரை ஒருவன். மைக் கிடையாது, கிடைத்தால் அது விழா. பேச்சுப் போட்டி, ஒப்புவித்தல் போட்டி, கட்டுரைப் போட்டி என்று மூன்றும் சேர்ந்தே நடக்கும். பேச்சுப் போட்டியில் ஐந்து நிமிடம். முதல் மணி எச்சரிக்கை, இரண்டாம் மணி இறக்கம். திருக்குறள் ஒப்புவித்தலுக்கு ஊர்ச் செட்டியார் கடையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் பரிசாக வரும். தமிழ்நாட்டு அரசியல்வாதிகளிலும் வழக்கறிஞர்களிலும் கணிசமானவர்களுக்கு முதல் மேடை இதுவாகவே இருந்தது.

இந்த மன்றத்தின் குறையும் வெளிப்படையானது. ஆசிரியர் பேச்சை எழுதிக் கொடுப்பார். மாணவன் அதை நெட்டுரு செய்து ஒப்பிப்பான். எங்கே கையை உயர்த்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பதும் அதில் அடக்கம். மேற்கோளாக இரண்டு பாட்டு, நடுவே ஒரு கதை, முடிவில் ஒரு முழக்கம். பேச்சாகத் தொடங்கியது இப்படி இன்னொரு மனப்பாடச் செய்யுளாக முடிந்தது. தானே யோசித்துத் தன் சொல்லில் பேசும் பயிற்சிக்கு விவாத மேடை ஏற்றது. அது பள்ளிகளில் வேரூன்றியது மிகக் குறைவு.

வகுப்பறைக்குள் நடந்ததில் மிகப் பெரிய நல்ல மாற்றம், புதிய பாட்டின் வரவு. அதை எழுதியவர்களில் பலர் ஆசிரியர்களே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) நாஞ்சில் நாட்டிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியராக இருந்தவர். பாரதிதாசன் 1909இல் காரைக்கால் பகுதியில் தமிழாசிரியராகச் சேர்ந்து 37 ஆண்டுகள் பணியாற்றினார். வாணிதாசனும் ஆசிரியர். முடியரசன் காரைக்குடி மீனாட்சி சுந்தரேசுவரர் உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் வாயில் எந்தச் சொல் ஏறும், எது இடறும் என்று தினமும் கேட்டவர்கள் இவர்கள். அந்தக் காது இவர்கள் பாட்டில் இருக்கிறது. பாரதியின் பாடல்கள் 1928இல் சென்னை அரசாங்கத்தால் பறிமுதலாயின. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்தார். இருபத்தோராண்டு கழித்து, 1949இல், அதே மாகாணத்தின் அரசு அவற்றின் உரிமையை வாங்கிப் பொதுவாக்க முடிவு செய்தது. ஒரு கவிஞரின் எழுத்து தமிழ்நாட்டில் அரசுடைமையானது அதுவே முதல் முறை. அதற்குப் பின் பாரதி இல்லாத தமிழ்ப் பாடநூல் அரிது.

பாடநூலும் அரசின் கைக்கு வந்தது. அதுவரை தனியார் பதிப்பகங்கள் அச்சிட்டு, பாடநூல் குழுவின் ஒப்புதலோடு விற்றுவந்தன. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அமைந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்குள் சேர்ந்தன. புகுமுக வகுப்பில் கல்லூரி ஆசிரியர் நடத்திய சங்கப் பாட்டும் காப்பியமும் பள்ளி ஆசிரியர் பொறுப்பாயின. தமிழ் முதல் தாளில் செய்யுள், உரைநடை. இரண்டாம் தாளில் இலக்கணம், துணைப்பாடம், கட்டுரை. செய்யுளில் குறித்த வரிகளை 'அடிமாறாமல் எழுதுக' என்பது ஒரு வினா. ஒரு சீர் பிசகினால் மதிப்பெண் போகும். திண்ணையில் ஒருமித்த குரலில் சொன்னதை இங்கே தனித்தனியே, சத்தமில்லாமல், மூன்று மணி நேரத்துக்குள் தாளில் இறக்க வேண்டும். தப்பினால் பத்துத் தடவை இம்போசிஷன். பாட்டைக் கை கற்றது, வாய் மறந்தது.

இந்தத் தேர்வுக்குத் துணைபோனது கோனார் உரை. திருச்சி தூய வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனார் எழுத, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட அந்த உரைநூல் பல தலைமுறை மாணவர்களின் கையில் பாடநூலுக்கு முன்பே இருந்தது. அதைக் குறைசொல்வது எளிது. ஆனால் தமிழாசிரியர் இல்லாத பள்ளியில், தமிழ் படித்தவர் இல்லாத வீட்டில், ஒரு செய்யுளைப் பதம் பிரித்து நேர்ப்பொருள் சொன்னது அந்த நூல் ஒன்றே. 'நலம் பாராட்டுக' என்ற வினாவுக்கும் அதிலிருந்தே விடை போயிற்று: திரண்ட கருத்து, மையக் கருத்து, எதுகை நயம், மோனை நயம், அணி நயம், சந்த நயம். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் இதே தலைப்புகள், ஏறக்குறைய இதே வாக்கியங்கள். சந்த நயத்தைப் பற்றி எழுதும் மாணவன் அந்தப் பாட்டை ஒரு முறையாவது சந்தத்தோடு கேட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று நான்கையும் பிழையின்றி எழுதிவிட்டு ஒன்றையும் காதால் அறியாமல் வெளியேறியவர்கள் பல இலட்சம் பேர் இருப்பார்கள்.

இலங்கையில் வாய்க்குச் சற்று அதிக மதிப்பு மிஞ்சியது. கல்வி அமைச்சு நடத்தும் அகில இலங்கைத் தமிழ்த் தினப் போட்டிகள் பள்ளி மட்டத்தில் தொடங்கி வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறும். பேச்சோடு பாவோதலுக்கும் தனிப் போட்டி உண்டு. செய்யுளை நினைவிலிருந்து சொன்னால் போதாது. ஓசையும் பொருளுணர்ச்சியும் கேட்கப்படும். யாழ்ப்பாணத்து வகுப்பறையில் பாட்டை இழுத்துப் பாடும் வழக்கம் நெடுநாள் நின்றதற்கு நாவலர் பள்ளி மரபோடு இந்தப் போட்டிகளும் காரணம்.

தமிழ்நாட்டில் பாடநூல் செய்யுள் அரசியல் விவகாரமும் ஆயிற்று. 2011இல், எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான சமச்சீர் கல்விப் பாடநூல்களை நிறுத்தப் புதிதாக ஆட்சிக்கு வந்த அரசு முயன்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவற்றையே பயன்படுத்த உத்தரவிட்டது. முந்தைய முதலமைச்சர் மு. கருணாநிதியோடு தொடர்புடைய பகுதிகளின் மேல் தாள் ஒட்டி நூல்கள் வழங்கப்பட்டன. ஒட்டிய தாளைப் பிள்ளைகள் உரித்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு அதிகம் ஆர்வத்தோடு படிக்கப்பட்ட பக்கங்கள் அவையாகவே இருந்திருக்கும். திருக்குறளும் நீதிமன்றம் போனது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் சேர்ந்த 108 அதிகாரங்களை ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடமாக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016இல் தீர்ப்பளித்தது. இன்பத்துப்பாலின் 25 அதிகாரங்கள் விடப்பட்டன. 1,330 குறளையும் ஒப்புவிக்கும் மாணவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை தனியே பரிசு தருகிறது. அங்கே இன்பத்துப்பாலுக்கு விலக்கு இல்லை.

2018–19இல் வந்த புதிய பாடநூல்கள் கற்பிக்கும் முறையில் சில நல்ல முயற்சிகளைச் செய்தன. ஒவ்வோர் இயலும் ஒரு பொருளை மையமாக வைத்துச் செய்யுள், உரைநடை, விரிவானம், இலக்கணம் என்று அமைந்தது. சங்கப் பாட்டுக்குப் பக்கத்தில் புதுக்கவிதை வந்தது. அலகிடவோ எதுகை தேடவோ இடமில்லாத அந்தக் கவிதைகளை எப்படி நடத்துவது என்று பழைய வாய்பாட்டில் பழகிய ஆசிரியர்கள் திகைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அண்ணாவின் 'வீட்டிற்கோர் புத்தகசாலை' பாடமானது. வானொலியில் ஆற்றிய உரை அது. பேச்சு, பேச்சு என்ற பெயரோடேயே பாடத்துக்குள் வந்தது. கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் காணொளியும் ஒலிவடிவும் கிடைக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. தமிழின் இரண்டு தாள்களும் ஒரே தாளாயின.

மதிப்பெண் முறையில் மட்டும் அவ்வளவு மாற்றம் இல்லை. 2012–13இல் முப்பருவ முறை வந்தபோது கீழ் வகுப்புகளில் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. பாடுதல், பேசுதல், நடித்தல் ஆகியவற்றுக்கு அதில் இடம் கிடைத்தது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை அது எட்டவில்லை. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் பேச்சு, கவிதைப் போட்டிகளும், 2022 முதல் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாவும் திறமை உள்ள சிலரை மேடையேற்றுகின்றன. மற்றவர்களுக்குத் தமிழ் இன்னும் எழுத்துத் தேர்வு மட்டுமே. பத்தாம் வகுப்பில் அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு; தமிழுக்கு நூறு மதிப்பெண்ணும் தாளில்தான், ஒரு பாட்டைச் சொல்லவோ ஒரு நிமிடம் பேசவோ அதில் ஒரு மதிப்பெண்கூட இல்லை.